9.2 சதவீதமா, 2.1 சதவீதமா?

கடிதத்தின் சுருக்கம்: திண்டுக்கல் மாவட்டத்தில் மாமனார் தொடங்கிய சுங்குடிச் சேலை வியாபாரத்தை இப்போது கவனித்துவரும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடை வாசல் மிதிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் தருபவர்களை நம்பித்தான் வியாபாரம் ஓடுகிறது. பக்கத்துக்கு 18,400 ஃபாலோயர்கள். எட்டு மாதமாக ஒரு ஏஜென்சி மாதம் 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பதிவுகளைத் தயாரித்துப் போட்டுத் தருகிறது. போன மாத ரிப்போர்ட்டில் "என்கேஜ்மென்ட் ரேட் 9.2 சதவீதம், 1,09,200 பேரைச் சென்றடைந்தோம்" என்று இருக்கிறது. பி.காம் படித்த இவர் ஒரு ராத்திரி தானே உட்கார்ந்து போட்ட கணக்கில் 2.1 சதவீதம்தான் வந்திருக்கிறது. விற்பனையும் முந்தைய மாதத்தைவிடக் குறைவு. "அவங்க என்னை ஏமாத்துறாங்களா? இல்ல, இன்ஸ்டாகிராமே எங்க பக்கத்தை அமுக்கி வச்சிருச்சா?" என்று கேட்கிறார். ஏஜென்சி இன்னொரு கிவ்அவே, அதாவது இலவசப் பரிசுப் போட்டி, நடத்தலாம் என்கிறது. ஒரு வருட ஒப்பந்தமும் நீட்டியிருக்கிறது. கொழுந்தனார், 5,000 ஃபாலோயரைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்கிறார். போன மாதம் போட்ட 12 பதிவுகளின் இன்சைட்ஸ் (இன்ஸ்டாகிராம் தரும் புள்ளிவிவரப் பக்கம்) படங்களையும் இணைத்து அனுப்பியிருக்கிறார்.

சகோதரி, அந்தப் படங்களை அனுப்பியது நல்லதாயிற்று. அவை இல்லாவிட்டால் பொதுவாக நாலு வார்த்தை சொல்வதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். 9.2 பொய்யில்லை. உங்கள் 2.1-ம் தப்பில்லை. என்கேஜ்மென்ட் ரேட் என்பது, பதிவுக்கு வந்த லைக், கமென்ட் போன்றவற்றை ஒரு எண்ணால் வகுத்து வரும் சதவீதம். 12 பதிவுகளுக்கும் சேர்த்து லைக், கமென்ட், சேவ், ஷேர் எல்லாம் கூட்டினால் 4,640. பதிவுக்குச் சராசரி 387. இதை நீங்கள் ஃபாலோயர் எண்ணிக்கையான 18,400-ஆல் வகுத்தீர்கள், 2.1 வந்தது. அவர்கள் ரீச்சால், அதாவது ஒவ்வொரு பதிவையும் பார்த்த தனித்தனிக் கணக்குகளின் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறார்கள். பதிவுக்குச் சராசரி ரீச் 4,200. அதில் வகுத்தால் 9.2. வியூஸ், அதாவது பதிவு எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதன் சராசரியான 9,100-ஆல் வகுத்தால் 4.2 வரும். மேலே இருக்கும் எண் மூன்று கணக்கிலும் ஒன்றுதான், கீழே இருப்பதுதான் மாறுகிறது. யாராவது என்கேஜ்மென்ட் ரேட் என்று ஒரு சதவீதத்தைச் சொன்னால், "எதால வகுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

இது சின்ன ஏஜென்சிகளுக்கு மட்டும் வரும் குழப்பமில்லை. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக்கே இப்படி ஒரு பிழையை ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் கீழே வைத்து வகுத்ததால், வீடியோக்களின் சராசரிப் பார்வை நேரம் இரண்டு வருடமாகக் கூடுதலாகவே காட்டப்பட்டுவந்தது. அந்த எண்ணைப் பார்த்துப் பணத்தைக் கொட்டிய விளம்பரதாரர்கள் கொதித்துப்போனார்கள்.

எந்த வகுத்தல் எதற்கு? அடுத்த தெரு சேலைக் கடையின் பக்கத்தோடு உங்களுடையதை ஒப்பிட வேண்டுமானால் ஃபாலோயர் கணக்கைத் தவிர வேறு வழியில்லை. அவர்களுடைய ரீச் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, லைக், கமென்ட், ஃபாலோயர் போன்றவைதான் வெளியே தெரியும். லைக்கை மறைத்து வைக்கும் வசதியும் 2021-லேயே வந்துவிட்டதால் அதுகூடச் சில சமயம் கிடைக்காது. உங்கள் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட ரீச் கணக்குதான் சரி. கண்ணில் படாத பதிவுக்கு யாரும் லைக் போட முடியாதே.

ஆனால் ரீச் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. ரீச் பாதியாகக் குறைந்து, உங்களை விடாமல் பின்தொடரும் பழைய வாடிக்கையாளர்கள் மட்டும் பார்த்தால் சதவீதம் ஏறும். அடுத்த மாதம் பதிவு 2,000 பேருக்கு மட்டும் போய் 200 பேர் தொட்டால் ரேட் 10 சதவீதம். ரிப்போர்ட்டில் "9.2-லிருந்து 10-க்கு உயர்ந்தோம்" என்று பச்சை அம்புக்குறி போடுவார்கள், நிஜத்தில் கூட்டம் பாதியாகியிருக்கும். இதற்கு நேர்மாறாக, ஒரு ரீல் வெளியாட்களிடம் நன்றாக ஓடினால் ரீச் எகிறி ரேட் இறங்கும். அதைப் பார்த்து நீங்கள் பதறக் கூடாது. ரேட்டைத் தனியாக வாங்காதீர்கள், பக்கத்திலேயே ரீச்சும் எழுதியிருக்க வேண்டும்.

ஏஜென்சி நிஜமாகவே தப்பு செய்திருப்பது அந்த இன்னொரு வரியில். "1,09,200 பேர்" என்பது பேர் இல்லை. 12 பதிவுகளின் வியூஸ் மொத்தம் அது. ஒரே ஆள் ஒரு ரீலை மூன்று முறை ஓடவிட்டால் மூன்று வியூஸ். இன்ஸ்டாகிராம் 2024-லிருந்து எல்லா வகைப் பதிவுக்கும் வியூஸையே முதல் எண்ணாகக் காட்டுவதால், பெரிதாகத் தெரிவதை எடுத்து எழுதிவிடுகிறார்கள். ரீச்சைப் பதிவு பதிவாகக் கூட்டினாலும் ஆட்கள் எண்ணிக்கை வராது. 12 பதிவையும் பார்த்த உங்கள் நாத்தனார் அதில் 12 ஆளாக நிற்பார். மாதத்துக்கு எத்தனை பேர் என்று அறிய, இன்சைட்ஸில் கணக்கு முழுமைக்குமான ரீச்சைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அது 16,300. மோசமான எண் இல்லை, ஆனால் ஒரு லட்சமும் இல்லை.

யூடியூப் ஷார்ட்ஸில் அதே வீடியோ கூடுதல் வியூஸ் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்ஸ்டாகிராம் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, திரும்ப ஓடினால் இன்னொன்று. பழைய முறையில் எண்ணிய எண் யூடியூப் அனலிடிக்ஸில் 'என்கேஜ்டு வியூஸ்' என்று தனியாக இருக்கிறது, ஷார்ட்ஸுக்கு அதைப் பாருங்கள்.

சராசரியைத் தூக்கிவிட்ட ஒரே பதிவு

உங்கள் 12 பதிவுகளும் வாங்கிய மொத்த எண்ணை ஏறுவரிசையில் வைக்கிறேன்: 84, 110, 132, 150, 165, 178, 194, 230, 297, 400, 460, 2,240. கடைசி எண் அந்த கிவ்அவே. மாதம் முழுக்க வந்ததில் கிட்டத்தட்டப் பாதி அந்த ஒரு பதிவில். அதை ஒதுக்கிவிட்டால் மற்ற 11 பதிவுகளின் சராசரி 218, ரீச் கணக்கில் 5.9 சதவீதம். சராசரியை விட்டுவிட்டு நடுவில் நிற்கும் எண்ணைப் பார்த்தால், 178-க்கும் 194-க்கும் நடுவே 186. உங்கள் பக்கத்தின் வழக்கமான பதிவு எப்படிப் போகிறது என்பதை இந்த 186 சொல்கிறது, 387 சொல்லவில்லை. சம்பளக் கணக்கில் முதலாளியையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் தறிக்காரர் லட்சாதிபதியாகத்தான் தெரிவார். மாதாமாதம் நடு எண்ணைக் கேளுங்கள்.

84 வாங்கிய பதிவை ஏஜென்சி தோல்விப் பட்டியலில் வைத்திருக்கிறது. தேதியைக் கவனியுங்கள்: 30-ஆம் தேதி போட்டது, ரிப்போர்ட் எடுத்தது 1-ஆம் தேதி. இரண்டு நாள் வயதான பதிவை நாலு வாரம் ஓடிய பதிவோடு நிறுத்தி ஒப்பிட்டிருக்கிறார்கள். ரீல்கள் வாரக்கணக்கில் மெதுவாக ஏறும். எல்லாப் பதிவுக்கும் போட்டதிலிருந்து சரியாக ஏழாம் நாள் எண்ணை எடுத்து எழுதுவது என்று வைத்துக்கொண்டால் இந்தச் சண்டையே வராது.

கிவ்அவேயில் 1,460 கமென்ட், 610 லைக், 130 ஷேர், 40 சேவ். ஆர்டர் ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள். காரணம் அந்தக் கமென்ட்களிலேயே இருக்கிறது: "மூன்று தோழிகளை டேக் செய்யுங்கள்" என்று கேட்டதால் பெயர்களாக வந்து குவிந்திருக்கின்றன. இலவசச் சேலைக்கு வந்த கூட்டம் சேலை வாங்க வந்த கூட்டமில்லை. பிறகு அவர்கள் ஃபாலோயராகத் தங்கி, உங்கள் சாதாரணப் பதிவுகளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போவார்கள், அது அடுத்தடுத்த மாதங்களின் எண்களைக் கீழே இழுக்கும். இன்னொன்று: அதே பதிவை உங்கள் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டிருக்கிறார்கள். போட்டியில் கலந்துகொள்ள நண்பர்களை டேக் செய்யச் சொல்வதும், சொந்த டைம்லைனில் ஷேர் செய்யச் சொல்வதும் ஃபேஸ்புக் விதிப்படி கூடாது. "டேக் பண்ணுங்க", "ஷேர் பண்ணுங்க" என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளுவதாக 2017 டிசம்பரிலேயே அறிவித்தும்விட்டார்கள். இன்ஸ்டாகிராமிலும், இந்தப் போட்டிக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சம்பந்தமில்லை என்று எழுத வேண்டும் என்ற விதி இருக்கிறது. உங்கள் பதிவில் அந்த வரியைக் காணோம். அடுத்த கிவ்அவே வேண்டாம் என்பதே என் கருத்து. நடத்தியே தீர வேண்டும் என்றால், ஏற்கெனவே வாங்கியவர்கள் சேலை கட்டிய படத்தை அனுப்பச் சொல்லி அவர்களுக்குள் குலுக்குங்கள். கமென்ட் ஐம்பதுகூடத் தேறாது, ஆனால் அந்தப் படங்கள் உங்களுக்கு ஒரு வருடத்துக்கு உதவும்.

ஊத்திக்கொண்டதாகச் சொன்ன அந்த ரீல்

இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். புள்ளிக்கு முடிச்சுப் போடும் விரலைக் காட்டி, பிறகு சேலையைத் தண்ணீரில் அலசிச் சாயம் இறங்குகிறதா என்று காட்டிய ரீல். மொத்தம் 165 தான். ஏஜென்சி "ஊத்திக்கிச்சு மேடம்" என்றிருக்கிறது. அதற்கு மூன்று நாள் கழித்துப் போட்ட, மாடல் பெண் நடந்துவரும் ரீல் 460 வாங்கியது, அதைக் கொண்டாடியிருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

நடந்துவரும் ரீல்: ரீச் 5,200. லைக் 431, கமென்ட் 22, சேவ் 4, ஷேர் 3.
அலசும் ரீல்: ரீச் 2,900. லைக் 71, கமென்ட் 12, சேவ் 38, ஷேர் 44.

ஆயிரம் பேர் பார்த்தால் எத்தனை பேர் ஷேர் செய்தார்கள் என்று கணக்கிட்டால் முதலாவதில் ஒருவர்கூட இல்லை, இரண்டாவதில் 15 பேர். சேவ் 13 பேர். லைக் என்பது கட்டைவிரல் வேலை, ஓடும் பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் போடுவது. சேவ் செய்கிறவர் திரும்பி வர நினைக்கிறார். ஷேர் செய்கிறவர் இதை யாருக்கு அனுப்பலாம் என்று ஒரு முகத்தை நினைத்து அனுப்புகிறார். சேலையில் அந்த முகம் பெரும்பாலும் அக்கா, அம்மா, அல்லது கல்யாணத்துக்கு ஒரே மாதிரி எடுக்கப்போகும் கூட்டம். "சாயம் போகாது பாரு" என்று அனுப்பியிருப்பார்கள். அந்த வாரம் "சாயம் போகாத அந்தச் சேலை" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் 23 பேர் வந்ததாகவும் 7 சேலை போனதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 460-க்கு எத்தனை பேர் கேட்டு வந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியும் 2025 ஜனவரியில் இதையொட்டித்தான் பேசினார்: பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதில் முக்கியமானவை பார்வை நேரம், ரீச்சுக்கு எத்தனை லைக், ரீச்சுக்கு எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள் என்ற மூன்றும். இதில் பின்தொடராத வெளியாட்களிடம் போய்ச் சேர, அனுப்புவதற்குக் கூடுதல் எடை. உள்ளவர்களிடம் போய்ச் சேர லைக்குக்குக் கொஞ்சம் கூடுதல் எடை. புது வாடிக்கையாளர் வேண்டும் என்கிற உங்களுக்கு எது வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே நான்கையும் ஒன்றாகக் கொட்டிக் கூட்டும் பழக்கத்தையே விடுங்கள். ஒரு லைக்கும் ஒரு ஷேரும் ஒரே எடை என்று நினைக்கும் கணக்கு அது.

அதற்காக இந்த ஒரு ரீலை வைத்து "இனி மாதம் முழுக்க அலசுகிற வீடியோதான்" என்றும் இறங்கிவிடாதீர்கள். சின்ன எண்கள் தானாகவே ஆடும். கைக்கணக்காக இதை வைத்துக்கொள்ளலாம்: 16 ஆர்டர் வந்தால் அதன் வர்க்கமூலமான 4 வரை கூடுவதும் குறைவதும் வெறும் ஆட்டம். ஒரு பதிவுக்கு 7, இன்னொன்றுக்கு 5 என்றால் இரண்டும் ஒன்றே. ஒரே மாதிரிப் பதிவு எட்டு பத்து போட்டு, அவற்றின் நடு எண்ணை மற்ற வகையின் நடு எண்ணோடு ஒப்பிட்டால்தான் பேச முடியும். உங்களிடம் இப்போது இருப்பது நல்ல தடயம், அவ்வளவுதான். அதே வகையில் இன்னும் ஐந்தாறு எடுத்துப் பாருங்கள்: கஞ்சி போடுவது, முதல் துவைப்பு, பார்டர் உள்பக்கம்.

"பிரைஸ் ப்ளீஸ்"

400 வாங்கிய பதிவில் 86 கமென்ட். உள்ளே போய் எண்ணினால் 41 கமென்ட் உங்கள் பக்கத்திலிருந்தே போனவை: "டிஎம் அனுப்பியிருக்கோம் சிஸ்" (டிஎம் என்றால் தனிச்செய்தி). நாம் போடும் பதிலும் கமென்ட் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். மீதி 45-இல் 38 பேர் விலைதான் கேட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே விலையைப் போடாமல் விட்டு, கேட்கவைத்து, பதில் சொல்லி, இரண்டு பங்காகக் கமென்ட் காட்டுவது சேலைப் பக்கங்களில் ஊரறிந்த வித்தை. ரேட் ஏறும், வாங்க வந்தவருக்குச் சலிப்பு ஏறும். டிஎம்மில் விலை பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போனவர்களை யாரும் எண்ணுவதில்லை.

விலையைப் பதிவிலேயே போடுங்கள். கமென்ட் சரியும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஏஜென்சியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள்தான் முதலில் பதறுவார்கள். விலை தெரிந்தே வாட்ஸ்அப்புக்கு வருபவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதை முந்தைய மாதத்தோடு பாருங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் எண் வரட்டும்

நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்கு மிகவும் தேவையான விஷயம் இது. எந்தப் பதிவு எந்த ஆர்டரைக் கொண்டுவந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியாது. இணையதளம் இருந்தால் லிங்க்கில் அடையாளம் வைத்துப் பின்தொடரலாம். உங்களுக்குத் தளம் இல்லை, இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் போடும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது. ஆனால் நம் ஊர்ப் பெண்கள் சேலை வாங்கும் விதமே உங்களுக்குச் சாதகம்: பிடித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "இது இருக்கா?" என்று கேட்கிறார்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்ஸ்டாகிராம் எந்தக் கணக்கிலும் காட்டாது, உங்கள் போனுக்கு மட்டும் வந்து சேரும்.

ஆகவே ஒவ்வொரு பதிவின் படத்திலும் ஒரு எண்ணைப் பொறியுங்கள். சு-14, சு-15 என்று வரிசையாக. ரீலில் கீழ்ப்பகுதியைக் கேப்ஷனும் வலது ஓரத்தை பட்டன்களும் மறைத்துவிடும். எனவே இடது பக்கம், மேலிருந்து கால்பங்கு இறங்கிய இடத்தில், வீடியோ முழுக்க நிற்கும்படி போடச் சொல்லுங்கள். கடைசி மூன்று விநாடியில் மட்டும் போட்டால் நடுவில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் வராது. அதே சேலையை மறுபடி போட்டால் புது எண். எண் பதிவுக்கு, சேலைக்கு இல்லை. பயோவிலும் ஸ்டோரியிலும் வாட்ஸ்அப் பிசினஸ் தரும் ஷார்ட் லிங்க்கை வையுங்கள். முன்கூட்டியே எழுதிய செய்தியாக "இன்ஸ்டாவில் பார்த்தேன், பதிவு எண்:" என்று அமைத்துவிட்டால் பாதிப் பேராவது எண்ணைத் தட்டி அனுப்புவார்கள். மற்றவர்களிடம் "எந்த வீடியோ பார்த்தீங்கக்கா?" என்று ஒரு கேள்வி போதும்.

வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் வசதி இருக்கிறது. புதிதாகக் கேட்டவர், பணம் வர வேண்டியவர், அனுப்பியாயிற்று என்று மூன்று வைத்தால் போதும். பிறகு ஒரு நோட்டில், அல்லது கூகுள் ஷீட்டில், பதிவுக்கு ஒரு வரி: எண், தேதி, என்ன வகை, ஏழாம் நாள் ரீச், லைக், நம் பதில்களைக் கழித்த கமென்ட், சேவ், ஷேர், வாட்ஸ்அப்பில் கேட்டவர்கள், வாங்கியவர்கள், ரூபாய். திங்கட்கிழமை காலையில் கால் மணி நேர வேலை. கடைசி மூன்று கட்டங்களை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். ஏஜென்சியால் முடியாது, ஆர்டர் எடுப்பது உங்கள் போன்.

அமுக்கி வைத்திருக்கிறார்களா?

ஆப்பின் செட்டிங்ஸில் 'அக்கவுன்ட் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். பதிவு எதையாவது நீக்கியிருந்தாலும், புதியவர்களுக்குப் பரிந்துரைக்க உங்கள் கணக்குக்குத் தகுதியில்லை என்றாலும் அங்கே தெரியும். அங்கே எல்லாம் சரி என்று இருந்தால் இந்தக் கவலையை விடுங்கள். ரீச் குறைந்ததற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அதற்கு முந்தைய மாதம் இரண்டு பதிவுகளை 6,000 ரூபாய்க்கு பூஸ்ட் செய்திருக்கிறீர்கள். காசு கொடுத்து வாங்கிய ரீச் நின்றதும் மொத்தம் இறங்கத்தான் செய்யும். இரண்டு மாதத்தையும் ஒப்பிடும்போது பூஸ்ட் செய்த பதிவுகளைத் தனிப் பத்தியில் வையுங்கள். அடுத்த முறை பூஸ்ட் செய்தால் நோக்கம் கேட்கும் இடத்தில் 'மெசேஜ்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தை எட்டிப் பார்க்க ஆள் கேட்டால் எட்டிப் பார்க்கிறவர்களைத்தான் அனுப்புவார்கள். சுங்குடிக்கு வெயில்காலம்தான் சீசன் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விற்பனையை முந்தைய மாதத்தோடு நிறுத்தாமல் போன வருடம் இதே மாதத்தோடும் வைத்துப் பாருங்கள்.

கொழுந்தனாரின் யோசனைக்கு ஒரே பதில்: வேண்டாம். காசுக்கு வரும் 5,000 கணக்குகள் எதையும் பார்க்காது, வாங்காது, உங்கள் 2.1 சதவீதத்தின் கீழே 23,400 வந்து உட்கார்ந்து அதை 1.7 ஆக்கும். இன்ஸ்டாகிராம் அவ்வப்போது போலிகளைக் களைந்தும்விடும். பணமும் போய் எண்ணும் போகும்.

ஏஜென்சியை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா?

9.2-க்காக அனுப்ப வேண்டாம். தவறான எண்ணை விற்றார்கள் என்பதைவிட, எந்த எண் வேண்டும் என்று நீங்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை என்பதுதான் நடந்தது. வேலை கேமராவில் தெரிகிறது. அந்த அலசும் ரீலை எடுத்தவரும் அவர்கள் ஆள்தானே. ஆனால் ஒரு வருட ஒப்பந்தம் இப்போது கூடாது. மூன்று மாதம் என்று போடுங்கள். ஒரு மாத முன்னறிவிப்பில் யாரும் விலகலாம் என்றும் எழுதுங்கள்.

எதையும் பேசுவதற்கு முன் சாவி யார் கையில் என்று பாருங்கள். இன்ஸ்டாகிராம் கணக்கில் இருக்கும் மின்னஞ்சலும் போன் எண்ணும் உங்களுடையவையா? இரண்டடுக்குச் சரிபார்ப்புக் குறியீடு யார் போனுக்கு வருகிறது? ஃபேஸ்புக் பக்கத்தில் 'முழுக் கட்டுப்பாடு' உங்கள் பெயரில் இருந்து, அவர்களுக்குப் 'பகுதி அனுமதி' மட்டும் இருக்க வேண்டும். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கார்டில். இப்போது அவர்கள் கணக்கிலிருந்து விளம்பரம் ஓடினால், பிரியும் நாளில் அந்த வரலாறு முழுவதும் அவர்களோடு போய்விடும். இதைச் சரிசெய்த பிறகுதான் ஒப்பந்தப் பேச்சு. முதலில் சண்டை, பிறகு பாஸ்வேர்டு என்று போனால் சிக்கல்தான். கணக்கு உங்கள் கையில் இருந்தால் இன்சைட்ஸும் உங்கள் போனிலேயே தெரியும், எண்களுக்காக யாரிடமும் நிற்க வேண்டியதில்லை.

கடிதத்தின் ஓரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு இன்ஃப்ளூயன்சர்களுக்கு இலவசமாகச் சேலை கொடுத்து வீடியோ போடவைத்ததாகவும், "விளம்பரம்னு போட்டா ரீச் போயிடும்" என்று ஏஜென்சி சொன்னதால் எதுவும் குறிப்பிடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை உடனே சரிசெய்யுங்கள். இலவசப் பொருளும் பணம் போலத்தான். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டலில் இது தெளிவாக இருக்கிறது, விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஒரு சேலை வீடியோவுக்கு அவ்வளவு தூரம் போவார்களா என்று கேட்பீர்கள். போகாமலும் இருக்கலாம். ஆனால் வந்தால், பெயர் போட்டிருக்கும் வியாபாரியைத்தான் முதலில் தேடி வருவார்கள். அந்த இரண்டு வீடியோக்களையும் திருத்தி 'விளம்பரம்' என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

ஏஜென்சிக்கு என்ன எழுதுவது என்று தயங்குவீர்கள். கோபம் இல்லாமல், இதை அப்படியே அனுப்பலாம்:

"வணக்கம் தம்பி. போன மாச ரிப்போர்ட் பார்த்தேன். இந்த மாசத்துல இருந்து ஒவ்வொரு பதிவுக்கும் ஏழாம் நாள் இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட் வேணும். ரேட் போட்டா எதால வகுத்தீங்கன்னு பக்கத்துல எழுதுங்க, ரீச்சும் எழுதுங்க. சராசரி வேண்டாம், நடு எண் போதும். சேவ், ஷேர் தனியா, நம்ம போட்ட பதில் கமென்ட் கழிச்சு. எல்லாப் படத்துலயும் பதிவு எண் வரணும், விலை வரணும். பூஸ்ட் பண்ணது தனி லிஸ்ட். கிவ்அவே இப்போதைக்கு வேண்டாம். அலசுற ரீல் மாதிரி இந்த மாசம் நாலு எடுங்க, சனிக்கிழமை சாயம் போடுற நாள், காலைல ஏழு மணிக்கே வந்துடுங்க."